ஊரார் மொட்டைக்குத் தலை கொடுத்த டைம்கீப்பர்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் யார் எந்தச் சாமிக்கு மொட்டை நேர்ந்துகொண்டு மறந்தாலும், எண்பதுகளில் அது வந்து விழுந்தது டைம்கீப்பர் அண்ணன் தலையில்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவருக்கு ஒரு தகரக் கூண்டு. எதிரே என் வாழைப்பழக் கடை. விசில் அவரிடம் இருந்ததால் ஊரே அவருக்குக் காத்திருந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் உடையவர். மடத்துக்கும் கோயிலுக்கும் ஒழுங்கு வகுத்து, ஒதுக்கப்பட்டவர்களையும் உள்ளே அழைத்த அந்தத் துறவியின் கதையை அண்ணன் ஒரு மார்கழியில் உபன்யாசத்தில் கேட்டார். ஆண்டாள் நூறு தடாப் பானை வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டாள். அவளால் கொடுக்க முடியவில்லை. வெகுகாலம் கழித்து வந்த உடையவர் அதைக் கொடுத்து முடித்தார். பிறகு எங்கள் ஊருக்கு வந்தவரை ஆண்டாள் "அண்ணா" என்று கூப்பிட்டாளாம். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுண்டல் வாங்கப் போனார்கள். அண்ணன் மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டார்.

பஸ்ஸில் ஏறி, யார் வீட்டிலாவது நேர்த்திக்கடன் பாக்கி உண்டா என்று விசாரிப்பார். பதில் வரும்வரை விசில் கிடையாது. குடைக்கடை பாய், தன் அத்தா தர்காவுக்குச் சர்க்கரை நேர்ந்து மறந்ததைப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமையே அண்ணன் நெற்றியில் திருமண்ணும் தலையில் சர்க்கரைப் பையுமாகத் தர்காவுக்கு நடந்தார். பாய் வெட்கம் தாங்காமல் பின்னாலேயே ஓடி, பாதிச் சுமையை வாங்கிக்கொண்டார்.

இதனால் கல்யாணம்தான் தள்ளிக்கொண்டே போனது. பெண் வீட்டார் வரும்போதெல்லாம் மொட்டையைப் பார்த்து, துக்க வீடு என்று திரும்பிவிடுவார்கள். கடைசியாகத் தளவாய்புரத்தில் ஒரு பெண் அமைந்தது. நிச்சயத்தன்று மாப்பிள்ளை தலையில் முடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாம்பூலம் மாற்றமாட்டோம் என்று தாய்மாமன் சொல்லிவிட்டார். அண்ணனும் ஒத்துக்கொண்டு முடி வளர்த்தார். எண்ணெய் தேய்த்து வகிடு எடுத்தவரை டிரைவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை.

நிச்சயத்துக்கு முந்தின நாள் கூமாப்பட்டியிலிருந்து ஒரு சம்சாரி வந்தார்.

"அண்ணாச்சி, பொண்டாட்டி உண்டானா அந்த மாசமே மொட்டை போடுறேன்னு நேந்துட்டேன். உண்டாயிட்டா. இப்ப புள்ளத்தாச்சி புருசன் முடி எடுக்கக் கூடாதுங்காவ. நாளையோட மாசம் முடியுது."

"ஏன்வே, நேரும்போது இத யோசிக்கலையா?"

"உண்டாவான்னே நெனக்கல அண்ணாச்சி."

அண்ணன் வகிட்டை ஒருமுறை தடவிப் பார்த்தார். நாளைக்கு நிச்சயம் என்று நான் மெதுவாக நினைவுபடுத்தினேன். "அது என் காரியம்லே, இது அவிய காரியம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மறுநாள் தளவாய்புரத்துக்கு வாழைத்தாரோடு நானும் போனேன். தாய்மாமன் வாசலிலேயே மறித்தார்.

"நல்ல காரியத்துக்கு மொட்டையாவே வருவாக? யாரு செத்தா?"

"யாரும் சாவல. ஒண்ணு பொறக்கப் போவுது."

விஷயத்தைக் கேட்டதும் அவர் தாம்பூலத் தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அண்ணன் அசையவில்லை. நான்தான் வாழைத்தாரை இறக்குவதா சுமப்பதா என்று தெரியாமல் நின்றேன். அப்போது உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"மாமா, ஊரார் வாக்குக்கே தலையக் குடுக்காவ. எனக்குக் குடுக்குற வாக்க விடுவாவளா? தட்ட வைங்க."

தலைப்பாகையோடு கல்யாணம் நடந்தது.

தொண்ணூறுகளில் அண்ணன் மஞ்சள் காமாலையில் விழுந்தார். ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் கை விரித்துவிட்டார்கள் என்றார்கள். எப்படியோ பிழைத்து, எலும்பும் தோலுமாகப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவர் நேரே என் கடைக்கு வந்தார். "எனக்காக எவனும் நேந்துட்டு மறந்திருந்தாச் சொல்லுலே, நானே முடிச்சிருதேன்" என்றார்.

நான் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்தேன்.

என் மொட்டையைச் செத்த நேரம் பார்த்தார். "எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் போட்டிருப்பேம்லா" என்றார்.

இதை மட்டும் உங்களுக்கு விட மனசு வரவில்லை அண்ணே என்று சொல்ல வாயெடுத்தவன், நல்லதாக ஒரு சீப்புப் பழம் எடுத்து அவர் கையில் வைத்தேன்.