மூன்று தட்டு, இருபது எண்ணிக்கை

மாமியார் வீட்டின் பின்பக்க அறைக்கு முன்னால் மண்டி போட்டு, அளவு நாடாவின் ஒரு முனையை முழங்காலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையைக் கதவின் மேல்நிலை வரைக்கும் இழுத்துப் பிடித்திருந்த சமயத்தில் வரைவாளர் கையும் களவுமாகப் பிடிபட்டார்.

“என்ன மாப்பிள்ளை, கதவை அளக்கறீங்க?”

“சும்மாதான் அத்தை.”

மாமியாரிடம் எந்தப் பதிலை வேண்டுமானாலும் சொல்லலாம். சும்மா என்று மட்டும் சொல்லக் கூடாது. பால் போடுகிறவர் ஒருநாள் சும்மா சிரித்தார் என்பதற்காக ஆளையே மாற்றியவர் அவர். எதிர்வீட்டுக்காரி சும்மா எட்டிப் பார்த்தாள் என்று அன்றைக்கே ஜன்னலுக்குத் திரை போட்டவர். மதியம் இரண்டு மணிக்குப் படுத்தால் நாலு மணிக்கு முன்னால் எழமாட்டார் என்று நம்பித்தான் வரைவாளர் அரைநாள் லீவு போட்டுவிட்டு, மனைவியின் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அன்றைக்குப் பார்த்து ஒரு கொசு மாமியாரைக் கடித்துவிட்டது.

“மெதுவா பேசுங்க. மாமா உள்ள படுத்திருக்காரு. ஆபீஸ் இல்லையா இன்னிக்கு?”

வரைவாளர் நாடாவைச் சுருட்டினார். உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் அந்த உண்மை, எந்தப் பொய்யையும்விட நம்ப முடியாததாக இருந்தது.

உண்மை இதுதான். அவர் குடிநீர் அலுவலகத்தில் குழாய்ப் பாதைகளுக்கு வரைபடம் போடுகிறவர். வாரம் ஐந்து நாளும் அங்கே அவரிடம் இதைப் பிரதி எடுங்கள், அதை அழியுங்கள் என்பதைத் தவிர யாரும் எதுவும் பேசுவதில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு மட்டும் அவர் வேறு ஆள். பல் டாக்டரின் கிளினிக்குக்கு அன்று மதியம் விடுமுறை. நோயாளிகள் காத்திருக்கும் அறையில் டாக்டர், நூலகர், லிஃப்ட் மெக்கானிக் மூவரும் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர் என்று ஆளுக்கொரு வேடம். வரைவாளர் கதையைச் சொல்லுவார். வேடம் போட்டவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்லுவார்கள். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். “அப்புறம் என்ன ஆச்சு?” என்று மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் மற்ற நாட்களையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தார்.

கதை சொல்கிற அந்த நாற்காலிக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. போன சனிக்கிழமை ஆட்டத்தின் நடுவிலேயே நூலகர் பேனாவை மூடி வைத்துவிட்டார். திரும்பி வரும் புத்தகம் ஒவ்வொன்றிலும் பக்கம் கிழிந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து, வாசகர் முகத்தையும் ஒரு பார்வை பார்க்கிற அம்மா அவர்.

“எப்பப் பார்த்தாலும் பனிமலை, கோட்டை, டிராகன். இதுல யாரு பனியைப் பார்த்திருக்கோம்? நம்ம ஜனங்க நிஜமா பயப்படற ஒண்ணைக் கொண்டு வாங்க. இட்டுக்கட்டினது வேண்டாம், ஆதாரம் வேணும். முடியலைன்னா அடுத்த வாரத்துலேருந்து டாக்டர் நடத்தட்டும்.”

டாக்டர் மாட்டேன் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியிலேயே அவருக்கு மாமனார் வீட்டு அறை ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகப் பார்க்கிறார்; அந்த அறையை யாரும் நேராகத் திறந்ததில்லை. உள்ளே ‘உள்ளிருப்பாள்’ இருக்கிறாள் என்பது மாமனார் குடும்பத்து நம்பிக்கை. முதலில் மூன்று முறை பலமாகத் தட்ட வேண்டும். பிறகு இருபது வரைக்கும் நிதானமாக, வாய்விட்டு எண்ண வேண்டும். அதற்குள் அவள் எழுந்து, கூந்தலை முடிந்துகொண்டு, சுவருக்குள் போய்விடுவாள். அவசரப்பட்டுத் திறந்து அவளைப் பார்த்துவிட்டால் பார்த்தவருக்குப் பேச்சு போய்விடும். அந்த வீட்டு ரத்தம் ஓடுகிற ஆணை மட்டும் அவள் பெரிதாக ஒன்றும் செய்யமாட்டாள் என்பதால், மாமனார் தினமும் மதியம் அங்கேதான் தூங்குவார்.

இதைவிட நல்ல சரக்கு எங்கே கிடைக்கும்? ஆனால் வரைவாளரிடம் ஒரு கோளாறு. இருபது வருஷ வேலைப் பழக்கம், அளக்காத சுவரை அவரால் காகிதத்தில் போட முடியாது. டிராகன் குகைக்கே அலுவலகத்து நிலத்தடித் தொட்டியின் அளவைத்தான் போட்டிருந்தார். அதனால்தான் நாடாவோடு வந்து மாட்டிக்கொண்டார்.

“ஒரு பீரோ வாங்கலாம்னு இருக்கோம் அத்தை. இங்க வெச்சா சரியா இருக்குமான்னு பார்த்தேன்,” என்றார் கடைசியில்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மாமியார் உள்ளே போய் மகளுக்குப் போன் போட்டார். சாயங்காலம் வரைவாளர் வீடு திரும்பியபோது மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். நம் பீரோவை அம்மா வீட்டில் எதற்கு வைக்க வேண்டும், நாம் அங்கே குடிபோகிறோமா, அப்படியானால் தனக்கு எப்போது சொல்வதாக உத்தேசம் என்று வரிசையாகக் கேட்டாள். அவர் விளையாட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டு, “அதை அம்மாகிட்ட நேராவே கேட்டிருக்கலாமே,” என்றாள்.

நல்ல யோசனைதான். மறுநாள் நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாகப் போய் மாமியார் எதிரில் உட்கார்ந்தார்.

பதினோரு வருஷமாகச் சாப்பாட்டைத் தவிர எதையும் விசாரிக்காத மாப்பிள்ளை, அந்த அறைக்கு யார் யார் போவார்கள், எத்தனை மணிக்குப் போவார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டால் எந்த மாமியாருக்குத்தான் சந்தேகம் வராது? ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் மாமியார், இது எதுக்கு என்று ஒரு கேள்வி போட்டார். கதையை மட்டும் குறையில்லாமல் சொன்னார். அந்தக் காலத்தில் அந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவளை அநியாயமாகச் சந்தேகப்பட்டு அறையில் பூட்டினார்களாம். இனி என்னைக் கேட்காமல் இந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அவள் சுவரோடு கலந்துவிட்டாளாம். கல்யாணமான முதல் மாதமே இதைக் கணவர் சொல்லிவிட்டாராம்.

“நிஜமா பேச்சு போயிடுமா அத்தை?”

“உங்க மாமாவைப் பார்த்தாலே தெரியலையா? சின்ன வயசுல ஒரே ஒரு தடவை தட்டாம திறந்துட்டாராம். ரத்த சொந்தமா போனதால அரைகுறையா விட்டிருக்கா.”

வரைவாளர் ஊஞ்சல் பக்கம் திரும்பிப் பார்த்தார். லேத் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சரி, வேண்டாம், ஆகட்டும் என்ற மூன்று வார்த்தைகளில் ஒரு நாளையே ஓட்டிவிடும் மனிதர். உலகத்தில் மாமியார் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர்தான். வாயே திறக்காதவர் எப்படிப் பொய் சொல்ல முடியும் என்பது மாமியாரின் கட்சி.

அன்று ராத்திரியே படம் தயாராகிவிட்டது. வரைவாளர் வாழ்நாளில் போட்ட படங்களிலேயே அழகானது அதுதான். தாழ்வாரம், கூடம், படுக்கையறை, பின்பக்க அறை எல்லாம் அங்குலம் பிசகாமல் இருந்தன. உள்ளே நுழையாத பின்பக்க அறைக்கு மட்டும் மாமியார் வாயால் கேட்ட அளவு. ஆட்டத்துக்கு வேண்டிய குறிப்புகளையும் சிவப்பு மையில் எழுதினார். சுருட்டி அலமாரிக்குப் பின்னால் வைத்தார்.

விளையாட்டுக்குப் போட்ட படம்தானே என்று நினைத்த மனைவி, சிவப்புக் குறிப்புகளைப் படிக்காமலே, அம்மாவின் சந்தேகத்தைத் தீர்த்துவைக்கிற நல்ல எண்ணத்தில் அதை எடுத்துக்கொண்டு போய் அவரிடமே விரித்துக் காட்டிவிட்டாள்.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். வாசற்கதவில், திருடன் நுழையும் வழி. படுக்கையறைக் கட்டிலில், காவல்காரி, இரண்டிலிருந்து நாலு வரை தூக்கம். பின்பக்க அறையில், புதையல். ஓரத்தில் ஒரு கூடுதல் குறிப்பு: காவல்காரி விழித்துக்கொண்டால் தீர்த்துக்கட்டப் பகடை போடவும்.

ஆபீசிலிருந்து வரவழைக்கப்பட்ட வரைவாளர் கூடத்தின் நடுவில் நின்று, அது விளையாட்டுக்குப் போட்ட படம் என்றார். மாமியார் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

“நாற்பத்தி மூணு வயசு ஆளு, வெளையாட்டுக்குப் போட்டேன்னா யாரு நம்புவா? என் கட்டிலைப் போட்டு, நான் தூங்கற நேரத்தையும் போட்டிருக்கீங்க. எங்களை அனுப்பிட்டு வீட்டை எடுத்துக்கலாம்னுதானே?”

மனைவி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு துளி சந்தேகம் இருந்ததுதான் அவரை உலுக்கிவிட்டது. நாற்காலி போனால் போகட்டும், இவளும் நம்பாவிட்டால் என்ன செய்வது என்று தவித்தார். அந்தப் பதற்றத்தில்தான், நீங்களே வந்து பாருங்கள் என்று எல்லோரையும் சனிக்கிழமைக்கு அழைத்துவிட்டார்.

மூன்று மணிக்குக் கிளினிக் வாசலில் மாமியார், மனைவி, பின்னால் குடையோடு மாமனார். மாமியார் உள்ளே நுழைந்ததும் டாக்டரின் சான்றிதழை எழுத்துக்கூட்டிப் படித்தார். மெக்கானிக் எந்த லிஃப்டை ரிப்பேர் செய்கிறார் என்று விசாரித்தார். தேநீரை டாக்டர் குடிக்கும்வரை தொடவில்லை.

நூலகரும் லேசுப்பட்டவர் அல்ல. இந்த உள்ளிருப்பாள் கதையை வரைவாளர் நேற்று உட்கார்ந்து இட்டுக்கட்டவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். இரண்டு சந்தேகங்கள் மேசைக்குக் குறுக்கே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

“ஆதாரமா? முப்பத்தியெட்டு வருஷமா நான் தட்டித்தான் திறக்கறேன்,” என்றார் மாமியார். “என் வீட்டுக்குள்ள இவங்க என்ன பண்றாங்கன்னு நானும் பார்க்கணும். எனக்கும் ஒரு வேஷம் குடுங்க.”

காவல்காரி வேடமே கொடுத்தார்கள். அதற்கப்புறம் நடந்ததை டாக்டர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். மாமியார் தூங்கவே மாட்டேன் என்றுவிட்டார். வழிப்போக்கராக வேடம் போட்டுத் தண்ணீர் கேட்டு வந்த மந்திரவாதியின் பையைக் கொட்டச் சொன்னார். வீரரின் செருப்பில் இருந்த சேற்றை வைத்து அவர் எந்தப் பக்கமாக வந்தார் என்று கண்டுபிடித்தார். திருடராக இருந்த மெக்கானிக், தாம் திருடர் இல்லை என்று மூன்று முறை சத்தியம் செய்தார், அதனாலேயே பிடிபட்டார். பகடையும் மாமியார் பக்கமே விழுந்தது.

ஒருவழியாகச் சமாதானமாகி நால்வரும் சேர்ந்து அந்தக் கதவுக்கு வந்து சேர்ந்தார்கள். வரைவாளர் குரலைத் தாழ்த்தி, பூட்டப்பட்டவளின் கதையைச் சொன்னார். மாமியார் மேசையில் மூன்று முறை ஓங்கித் தட்டினார். எல்லோருமாக எண்ணத் தொடங்கினார்கள். பத்தைத் தாண்டும்போது டாக்டரின் குரல் இறங்கிவிட்டது. இருபது என்று முடித்தபோது மெக்கானிக் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார். நூலகர் பேனாவைத் திறந்து, ‘நேரடிச் சாட்சி’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். இனி வரைவாளரே நடத்தட்டும் என்றார். மனைவி மேசைக்கடியில் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்படி ஒரு சந்தோஷத்தை வரைவாளர் அனுபவித்ததே இல்லை.

அந்தச் சந்தோஷத்தில் அவருக்குப் பெருந்தன்மை பொங்கியது. சுவரோரமாக உட்கார்ந்திருந்த மாமனாரை அழைத்து, மேசைக்கு நடுவில் இருந்த படத்தின் முன் உட்காரவைத்தார்.

“இது உங்க குடும்பத்து விஷயம் மாமா. படம் சரியா இருக்கான்னு பார்த்து, கதவைத் திறந்தா என்ன தெரியும்னு நீங்களே சொல்லுங்க.”

மாமனார் படத்தைத் தன் பக்கம் திருப்பினார். பட்டறைக்காரரின் கண். தாழ்வாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். கூடத்தைப் பார்த்துத் தலையாட்டினார். பின்பக்க அறைக்கு வந்ததும் நெற்றியைச் சுருக்கினார். மாப்பிள்ளையின் கையிலிருந்த பென்சிலை வாங்கி, பின்சுவரில் அளவாக ஒரு கட்டம் போட்டார். பிறகு, அவர் வாயிலிருந்து குடும்பத்தில் யாரும் கேட்டிராத அளவுக்கு நீளமாகப் பேசினார்.

“இங்க ஒரு ஜன்னல் விட்டுப்போச்சு மாப்பிள்ளை. அது இல்லன்னா, இவ தட்டுற சத்தம் கேட்டு, இருபது எண்ணி முடிக்கறதுக்குள்ள நான் எப்படித் திரும்பி வந்து படுக்கிறது?”