ஒரு கைப்பிடி உயர்ந்த நாற்காலி

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு குழந்தைக்குப் பால் குடுக்குதே, அதை மட்டும் கொஞ்சம் மறைச்சிரு," என்றார் மேலாளர், படத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி.

கத்தரி படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். விளம்பர அலுவலகத்தில் படங்களை வெட்டி ஒட்டுகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். 'அந்தப் பொண்ணு' அவனுடைய மனைவி. நடிக்க வரவேண்டியவள் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டதால், மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்து வந்து விளம்பர நாற்காலியில் உட்கார வைத்திருந்தான். குழந்தை பசியில் வீறிட்டது. அவள் பாட்டுக்குப் பால் கொடுக்க ஆரம்பித்தாள். புகைப்படக்காரர் அந்த நேரம் பார்த்து எடுத்துவிட்டார். தாய் முகத்திலும் பிள்ளை முகத்திலும் அத்தனை நிம்மதி.

"முதல் மாசம் வெளிய போனா, பால் குடுக்க மூலை முடுக்கா தேடி ஒளிஞ்சேன். ரோட்டுல இப்படி ஒரு படத்தைப் பார்த்திருந்தா எவ்வளவு தெம்பா இருந்திருக்கும். இதை மாத்திராதீங்க," என்று அவள் காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். அவனும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டு வந்திருந்தான்.

மேலாளர் கெட்டவர் அல்ல. தனக்கு இதில் ஒன்றுமே இல்லை என்றார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்றார். நாற்காலிக் கம்பெனி முதலாளி சாயங்காலம் வருகிறார், அவர் முகம் சுளித்தால் விளம்பரம் கைநழுவிப் போகும் என்றார். அந்த முதலாளியோ தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தார்: நாற்காலி யாருக்கென்று பார்த்ததுமே தெரிய வேண்டும்.

கத்தரி ஒரு சால்வையை ஒட்டினான். மனைவி வயிற்றுவலிக்காரி ஆனாள். சால்வையை எடுத்துவிட்டுக் கையில் பால் புட்டியைக் கொடுத்தான். குழந்தையின் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்ததால், அவளே குடிக்கப் போகிறவள் போலிருந்தது. சரி, செய்தித்தாளை விரித்துப் பிடிக்க வைப்போம் என்றார் மேலாளர். பிடிக்க வைத்தான். செய்தித்தாளுக்கு அடியில் இரண்டு பிஞ்சுக் கால்கள் முளைத்தன.

பொறுமையிழந்த மேலாளர் கோட்டை மாட்டிக்கொண்டு தானே நாற்காலியில் உட்கார்ந்து, புகைப்படக்காரரைப் படம் எடுக்கச் சொன்னார். தாழ்வான இருக்கை; முழங்கால் தாடையை இடித்தது. இடது கைப்பிடி வேறு வலதைவிட உயரம்.

"தச்சன் தூக்கக் கலக்கத்துல செஞ்சிருப்பான் போல. படத்துல அதைச் சமமாக்கிரு."

அதையும் சமமாக்கினான். சொந்தப் பெண்டாட்டியையும் பிள்ளையையும் தன் கையாலேயே அழித்துவிட்டு, எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது என்று இருந்தது அவனுக்கு. வெட்கமாக இருந்தது. பழைய படத்தை எறிய மனம் வராமல் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் முதலாளி மகளோடு வந்தார். மகள் இடுப்பில் குழந்தை. அது சிணுங்கியதும், அவள் யாரையும் கேட்காமல் மூலையில் கிடந்த அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து பால் கொடுக்க ஆரம்பித்தாள். பிறகு, வழியில் ஒரே நெரிசல் என்று சாதாரணமாகப் பேச்சும் கொடுத்தாள். மேலாளர் கூரையில் மின்விசிறி சுற்றுவதை உன்னிப்பாகக் கவனித்தார்.

முதலாளி படத்தைக் கேட்டார். மேலாளர் பெருமையோடு தன்னையே எடுத்து நீட்டினார். வருவது வரட்டும் என்று கத்தரி இழுப்பறையைத் திறந்து மனைவியின் படத்தைப் பக்கத்தில் வைத்தான். மேலாளருக்கு இருமல் வந்தது.

முதலாளி இரண்டையும் மகளிடம் காட்டினார். மனைவியின் படத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"நானே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்குப்பா. இதையே போடுங்க."

கத்தரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் அடுத்த படத்தை எடுத்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு கோட்டும் சிரிப்புமாக இருந்த மேலாளரை ஒருமுறை பார்த்தாள். நிஜ மேலாளரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"ஏம்பா, பால் குடுக்கிற அம்மாங்களுக்குன்னே இருக்கையைத் தாழ்த்தி, ஒரு கைப்பிடியை உசத்தி, பார்த்துப் பார்த்து இந்த நாற்காலியைச் செஞ்சீங்க. இதுல இவரு யாருக்குப் பால் குடுக்கப் போறாரு?"