ஏலக்கார இங்கிலீஷ்

“அப்பா, நீங்க மேடையில சும்மா நின்னாப் போதும். பேசுறத லோக் மாமா பாத்துக்குவாரு” என்றாள் யென்.

மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்த லுவானின் கத்தி பாதியில் நின்றது. மகள் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. மாப்பிள்ளை லாக்லன் வெள்ளைக்காரப் பையன். அவனுடைய சொந்தபந்தமெல்லாம் பல்லாரட் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து பஸ் பிடித்து வரப்போகிறார்கள். அவர்கள் வழக்கப்படி விருந்தில் பெண்ணின் அப்பா எழுந்து நாலு வார்த்தை பேசியாக வேண்டும். லுவானிடம் இருந்த இங்கிலீஷோ நாலு வார்த்தைக்கும் குறைவு. மெல்பர்னின் புட்ஸ்க்ரே பகுதியில் அவர் மீன் கடை போட்ட நாள் முதல் அவரிடம் மீன் வாங்குகிறவர்கள் எல்லாரும் வியட்நாமியர்கள். மீனுக்கும் இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

ஆனால் லோக் பேசுவதா? லோக் அவர் மனைவி தாவோவின் தம்பி. கணக்காளன். மைக்கைக் கண்டால் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொள்வான், திருப்பித் தரமாட்டான்.

“பெத்தவன் நான். எம் பொண்ணப் பத்தி அவன் என்ன பேசுறது?” என்று அன்றிரவு மனைவியிடம் பொருமினார்.

“அப்பக் கத்துக்குங்க. யாரு கையப் புடிச்சா?” என்றாள் தாவோ. “கல்யாணத்துக்கு இன்னும் நாள் கிடக்கு.”

முதலில் நூலகத்தில் நடந்த இலவச வகுப்புக்குப் போனார். மகளைவிடச் சின்ன வயதுடைய டீச்சர் அவர் கையில் ஒரு முயல் பொம்மையைக் கொடுத்து, முயல் பேசுவதுபோல் பேசச் சொன்னாள். லுவான் முயலை மேசைமேல் மரியாதையாக உட்காரவைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வாத்தியாரே வேண்டாம், டிவி போதும் என்று முடிவு கட்டினார். சமையல் போட்டியைப் பார்த்தார். அதில் சமைக்கிறவர்கள், ருசி பார்க்கிறவர்கள் எல்லாரும் அழுதுகொண்டே பேசினார்கள். அழுகிறவர்கள் நிதானமாகப் பேசுவதால் கற்றுக்கொள்ள வசதியாக இருந்தது. மறுவாரம் மாநகராட்சிச் சுகாதார அதிகாரி கடைக்கு வந்து ஐஸ் பெட்டியைத் திறந்தபோது, லுவான் நெஞ்சில் கைவைத்து, கண் கலங்க, “இது என் இதயத்திலிருந்து வந்தது. நேற்று எங்கே தவறினேனோ, இன்று அதைச் சரிசெய்திருக்கிறேன்” என்றார். நேற்று என்ன தவறியது என்று அதிகாரி அரைநாள் கடையைக் குடைந்தார்.

சமையலை விட்டுவிட்டுக் கால்பந்தாட்ட வர்ணனைக்கு மாறினார். ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு வர்ணனையாளரோடு சேர்ந்து கத்திப் பழகினார். ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக் கென், எப்படி இருக்கிறீர்கள் என்று நலம் விசாரித்தார். லுவான் உற்சாகமாக, “முழங்கால் போய்விட்டது, தோள்பட்டை போய்விட்டது, ஆனால் இந்த மனிதர் விழமாட்டார்” என்று முழங்கினார். நல்ல மனுஷன் கென் உடனே ஆம்புலன்ஸை வரவழைத்துவிட்டார்.

யென் நர்ஸ். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே அப்பாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். முழங்காலைத் தட்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்ப்பா. நீங்க பேசலைன்னா யாரும் உங்களக் குறைவா நெனைக்க மாட்டாங்க. பேசினாத்தான் எனக்குப் பயமா இருக்கு.”

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அதனால்தான் அது முள்ளாகக் குத்தியது. பெற்ற மகள் தன் வாயைக் கண்டு பயப்படுகிறாள் என்ற எண்ணத்தில் லுவானுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை, மனசு சரியில்லாமல் தெருவில் நடந்துகொண்டிருந்தபோதுதான் அவருக்கு வழி பிறந்தது. ஒரு வீட்டின் முன் கொடி பறந்தது. கையில் காப்பிக் கோப்பையோடு கூட்டம் நின்றது. நடுவில் கோட்டு போட்ட ஒருவர் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். மெல்பர்னில் சனிக்கிழமை வீட்டு ஏலம் என்றால் சும்மாவா? வாங்குகிறவர் இரண்டு பேர், வேடிக்கை பார்ப்பவர் ஊர் முழுக்க. நாய்கூட வந்து உட்கார்ந்துவிடும்.

லுவான் அசந்துபோனார். என்ன குரல்! ஏலக்காரர் ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிதானமாக, கடைசி வரிசையில் நிற்கிறவருக்கும் கேட்கும்படி சொன்னார். சொன்னதையே மூன்று தரம் சொன்னார். சொல்லும்போது கையால் சுட்டியும் காட்டினார். சுவர் என்றால் சுவரைக் காட்டினார், கூரை என்றால் கூரையைக் காட்டினார். இப்படி ஒரு வாத்தியார் எங்கே கிடைப்பார்? முயல் பொம்மையும் இல்லை.

அதன்பிறகு எந்தச் சனிக்கிழமையும் அவர் ஏலத்தைத் தவறவிடவில்லை. துணைக்குத் தாவோவும் வந்தாள். அவளுக்கு அடுத்தவர் வீட்டுத் திரைச்சீலையைப் பார்ப்பதில் ஆசை. வீட்டுக்கு வந்ததும் லுவான் கண்ணாடி முன் நின்று கையை வீசிப் பயிற்சி செய்வார். உறுதியான அஸ்திவாரம், காலை வெயில், ஒரே குடும்பத்தின் பராமரிப்பு, இப்படி ஒன்று சந்தைக்கு வருவது அபூர்வம் என்று சரளமாக வந்து விழுந்தது. தாவோவே வாயைப் பிளந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவர்கள் வீட்டுக்குப் பின் தெருவிலேயே ஒரு ஏலம் வந்தது. வேலியோரம் எலுமிச்சை மரம் நிற்கும் வீடு. சின்ன வயசில் யென் அந்த வேலியில் கைவிட்டு எலுமிச்சம்பழம் திருடி அடி வாங்கியிருக்கிறாள். லுவான் முன்வரிசையில் நல்ல இடமாகப் பிடித்து நின்றார்.

ஏலக்காரர் வீட்டைப் புகழ்ந்தார். பாழாய்க் கிடந்த சமையலறைக்கு மட்டும் கொஞ்சம் அன்பு தேவைப்படுகிறது என்றார். கூட்டம் சிரித்தது, நகைச்சுவை புரிந்து லுவானும் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டு ஏலக்காரர் அவரை நேருக்கு நேர் பார்த்து எதையோ கேட்டார். லுவான் தலையை அசைத்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வியட்நாமியர் வளர்ப்பு அப்படி. பெரிய மனிதர் ஒருவர் முகம் பார்த்துப் பேசினால் தலையசைக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கிறேன் ஐயா என்று அதற்கு அர்த்தம். சம்மதம் என்று அர்த்தமில்லை. அது ஏலக்காரருக்கு எப்படித் தெரியும்? அவர் தொகையை உயர்த்தி உரக்கச் சொன்னார்.

எதிர்ப்பக்கம் கறுப்புக் கண்ணாடியும் வைக்கோல் தொப்பியும் போட்ட ஓர் ஆள் இரண்டு விரலால் தொப்பி விளிம்பைத் தொட்டார். தொகை ஏறியது. ஏலக்காரர் மறுபடி லுவானைப் பார்த்தார். லுவான் மறுபடி மரியாதை செய்தார்.

தாவோதான் முதலில் விழித்துக்கொண்டாள். “ஏங்க, நீங்கதான் கேக்குறதா அந்தாளு நெனைக்கிறாரு. தலைய ஆட்டாதீங்க” என்று விலாவில் இடித்தாள்.

லுவானுக்கு உயிரே போய்விட்டது. சரி என்று மனைவிக்குத் தலையாட்டினார். தொகை ஏறியது.

தொப்பி ஆள் தொப்பியைத் தொட்டார். லுவான் கழுத்தை மரக்கட்டைபோல் விறைப்பாக்கிக்கொண்டார். விட்டார்களா? ஏலக்காரரின் உதவியாளப் பெண் ஒருத்தி புல்லில் குதிகால் உயர்ந்த செருப்பு புதையப் புதைய ஓடிவந்து, அவர் பக்கத்தில் நின்று பரிவாக ஏதோ சொன்னாள். பதில் பேசாமல் நின்றால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? கழுத்து தானாகக் குனிந்தது.

இனி வாயைத் திறந்து மறுத்தால்தான் பிழைப்பு என்று புரிந்தது. கையை உயர்த்தினார். கூட்டம் முழுக்க அவரையே பார்த்தது. அப்போதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. இத்தனை சனிக்கிழமைகளில் எந்த ஏலக்காரரும் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. மறுக்கும் இங்கிலீஷ் அவரிடம் கைவசம் இல்லை. இருந்ததுதான் வந்தது.

“நண்பர்களே,” என்றார் கணீரென்று, “இன்று யோசிப்பவர் நாளை வருந்துவார்.”

கூட்டம் கைதட்டியது. தொப்பி ஆளின் முகம் வெளுத்தது. இந்த மனுஷன் பின்வாங்கப்போவதில்லை என்று முடிவு செய்தவர்போல், தொப்பியையே கழற்றி ஆட்டி ஒரே தாவலாகத் தாவி ஒரு தொகையைச் சொன்னார். லுவான் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தாவோ அவர் பின்கழுத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம். வீடு தொப்பிக்காரருக்குப் போனது.

திரும்பி வரும்போதும் தாவோ அவர் கழுத்திலிருந்து கையை எடுக்கவில்லை. லுவானோ மிதந்துகொண்டு வந்தார்.

“பாத்தியா? அத்தனை வெள்ளைக்காரங்க நடுவுல பேசினேன். ஒருத்தர் விடாம எல்லாருக்கும் புரிஞ்சுது” என்றார். “நான்தான் பேசப்போறேன். லோக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்.”

இந்த விஷயம் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று மட்டும் தாவோ சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

கல்யாண விருந்து புட்ஸ்க்ரே உணவகத்தின் மாடியில் களைகட்டியது. பல்லாரட் பண்ணைக்காரர்கள் முழு நண்டை எந்தப் பக்கம் உடைப்பது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். லோக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, மைக்கை நோக்கி நகர்ந்தான். அதற்குள் லுவான் போய் மைக்கை எடுத்துக்கொண்டார்.

“அத்தான், வேணாம்” என்றான் லோக் பல்லைக் கடித்து. யென்னின் கை லாக்லனின் கையை இறுக்கியது.

“சீமான்களே, சீமாட்டிகளே, வணக்கம்” என்று தொடங்கினார் லுவான். மண்டபம் அதிர்ந்தது. “இன்று உங்கள் முன் நிற்பது லாக்லன். உயரத்தைப் பாருங்கள். அஸ்திவாரம் உறுதி. பல்லாரட் காற்றிலும் குளிரிலும் நின்று தேறியது. இதுவரை ஒரே குடும்பத்தின் பராமரிப்பில் இருந்தது. கூரை மட்டும் முன்பக்கம் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. அதை என் மகள் பார்த்துக்கொள்வாள்.”

லாக்லன் தன் முன்னந்தலையைத் தடவினான். அடுத்த நொடி பண்ணைக்காரர் மேசைகள் வெடித்துச் சிரித்தன. ஒருவர் நண்டுக்காலால் தட்டில் தட்டினார்.

“இப்படி ஒன்று சந்தைக்கு வருவது அபூர்வம். யார் கேட்கிறீர்கள்?”

மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள். “நானே திரும்ப எடுத்துக்குறேன்” என்றாள்.

“அம்மா ஏலம் கேட்டதற்கு நன்றி” என்று லுவான் தலைவணங்கி, மகளிடம் திரும்பினார். “இவள் எங்கள் வீட்டின் காலை வெயில். இவள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் கேட்கிறேன். யென், உனக்கு வேணுமா?”

யென் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தாள்.

“ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம்!” சுருட்டிய உணவுப் பட்டியலால் மேசையில் ஓங்கி அடித்தார் லுவான்.

மண்டபமே எழுந்து நின்றது. யென் பட்டுடை தடுக்க ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். “உங்களப் போய்ப் பேசாதீங்கன்னு சொன்னேனே அப்பா” என்று அழுதாள். லோக்கூட எழுந்து கைதட்டினான். லுவானுக்கு அந்த இரவில் இனி வேண்டியது எதுவுமில்லை.

ஆனாலும் இன்னொன்று வந்தது. லாக்லன் மைக்கை வாங்கினான். “மாமா, உங்ககிட்ட ஒரு ரகசியம் சொல்லணும். வீட்டுல காலை வெயில் எங்கயும் போகல. உங்களுக்குப் பக்கத்துலயே நாங்க வீடு வாங்கிட்டோம். என்ன, சமையலறைதான் இடிஞ்சு கிடக்கு. அதை மாத்த வெச்சிருந்த காசெல்லாம் வீடு வாங்கினதுலயே போயிடுச்சு. அதனால ரெண்டு வருசத்துக்கு ராத்திரிச் சாப்பாடு உங்க வீட்டுலதான்.”

லுவான் வாய்விட்டே அழுதுவிட்டார். ரெண்டு வருஷம் என்ன, ஆயுசு முழுக்க வாருங்கள் என்று மாப்பிள்ளையின் முதுகில் தட்டினார். தாவோ இப்போதே என்ன சமைப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது பண்ணைக்காரர் மேசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். லாக்லனின் பெரியப்பா டெஸ். மாட்டுச் சந்தையில் ஏலம் கேட்டே தலை நரைத்தவர் என்று சொல்லி, லாக்லன் அறிமுகம் செய்துவைத்தான். டெஸ் லுவானை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, இல்லாத தொப்பியின் விளிம்பை இரண்டு விரலால் தொட்டார்.

“சம்பந்தி, அந்த எலுமிச்சை மரத்து வீட்ட நான் இந்தப் புள்ளைங்களுக்காகத்தான் கேட்டேன். அன்னைக்கு நீங்க மட்டும் தலைய ஆட்டாம இருந்திருந்தா, சமையலறையும் சேர்ந்தே வந்திருக்கும்” என்றார்.