கம்பஸுக்கு என்ன குடி?

படிப்பைவிடக் கம்பஸின் பேர்தான் முக்கியம். இதை என் மனைவி தெய்வமணிக்கு நிரூபிக்காமல் ஓய்வதில்லை என்று முடிவெடுத்தேன். யுத்தம் முடிந்து, கொழும்புப் பாதையில் சோதனைச் சாவடிகள் குறைந்திருந்த காலம். நாங்கள் இருந்த புளியந்தீவு வீடு அவளுடைய சீதன வீடு. ஆகவே முடிவை மனதுக்குள்தான் எடுத்தேன்.

மகள் கிருசிகா உயர்தரப் பரீட்சையில் கெட்டிக்காரியாகப் பாஸ் பண்ணிவிட்டாள். சுனாமிக்குப் பிறகு யாரோ வெள்ளைக்காரர் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த கம்பியூட்டரில் பிடித்த பைத்தியம். கம்பியூட்டர்தான் படிப்பாளாம். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் முதல் விருப்பமாகக் கொழும்புப் பக்கத்துப் பெரிய கம்பஸைப் போடுவதா, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரும் கம்பஸைப் போடுவதா? இதுதான் வழக்கு.

"கிட்டத்துக் கம்பஸ் போதும். அங்கயும் அதே கம்பியூட்டர்தானே?" என்றாள் தெய்வமணி.

"கம்பஸ் எண்டுறது குடி மாதிரி. வாசல்ல புது ஆள் வந்தா நீ முதல்ல என்ன கேக்கிற?"

அவள் கேட்பது "என்ன குடி?" தாய்வழி வரும் வம்சத்தை, எங்கள் ஊர்க் குடியைத்தான் கேட்கிறாள். போன மாதம் பாய் விற்க வந்த, இது தெரியாத வெளியூர்க்காரன், "தேத்தண்ணி போதும் அக்கா" என்றான்.

"அப்பா, நான் புறோக்கிராம் எழுதப் போறன். கலியாணம் கட்டப் போகல்ல," என்றாள் மகள்.

"கொழும்பில புள்ளைக்கு ஆர் சமைச்சுப் போடுற?" இது தெய்வமணி.

"நான் போய்ச் சமைக்கிறன்!"

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு வாயும் ஓய்வு பெற்றிருக்கலாம்.

தெய்வமணி பெருமூச்சு விட்டாள். "பழுகாமத்தில கொழும்புக் கம்பியூட்டர் கம்பனி மனேஜர் ஒராள் வந்து நிக்கிறாராம். அவரிட்டயே கேளுங்க."

தானாக வந்து மாட்டினாள்! மோட்டார் சைக்கிளில் போய் நானே அவரை ஏற்றிவந்தேன். பெயர் றஜீவன். தெய்வமணி தயிரும் பழமும் கொடுத்தாள். குடி கேட்கவில்லை. கொழும்பு என்றதும் வாயடைத்துப் போனாள் என்று நினைத்தேன்.

"சொல்லுங்க தம்பி, கம்பஸ் பேர் முக்கியமா?"

"வேலைக்கு ஆள் எடுக்கக்குள்ள, பெரிய கம்பஸ் பேரைக் கண்டா முதல்ல கூப்பிடுவம் ஐயா."

"கேட்டியா!" துள்ளி எழுந்தேன்.

"மறுகா? கூப்பிட்ட பிறகு?" என்று கேட்டாள் கிருசிகா.

"மறுகா ஒரு புறோக்கிராம் எழுதச் சொல்லுவம். அங்க பேர் உதவாது, கைதான். கொஞ்ச வருசம் போனா எங்க படிச்ச எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

எனக்கு அது எங்கே காதில் விழுந்தது? நான்தான் எழும்பிவிட்டேனே.

"சரி, தோத்துப்போனன். பெரிய கம்பஸையே போடுவம்," என்றாள் தெய்வமணி. கலியாணம் கட்டிய நாளிலிருந்து என் முதல் வெற்றி!

றஜீவன் செருப்பை மாட்டினார். "அப்ப போயிற்று வாறன் அத்தான்."

அத்தானா?

"எங்கட குடிதானே. எனக்குத் தம்பி முறை," என்றாள் தெய்வமணி. "நான் கொழும்பு எண்டிருந்தா நீங்க வேண்டாமெண்டிருப்பீங்க. சமைக்கிறன் எண்டும் வாய் விட்டிருக்க மாட்டீங்க."

"அப்ப அவன் சொன்னது பொய்யா?"

"பொய்யில்ல. பேர் பாதி, கை பாதி. நீங்க பாதியிலயே எழும்புவீங்க எண்டு எனக்குத் தெரியும்."

இப்போது கொழும்பு வெள்ளவத்தையில் எனக்கும் மகளுக்கும் வாடகை அறை. நேற்று தண்ணீராய் ஓடிய என் பருப்புக் கறியைக் கரண்டியால் அள்ளி ஊற்றிப் பார்த்த கிருசிகா மெல்லக் கேட்டாள்:

"அப்பா, இது என்ன குடி?"