அணைக்குச் சோடா ஊற்றியவர்

மனிதருக்குத் தண்ணீர் கொடுத்த அணைகள் உலகில் எத்தனையோ உண்டு. அணைக்குத் தண்ணீர் கொடுத்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்: எங்கள் சோடா பாய்.

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஓடையின் குறுக்கே வெள்ளைக்காரன் காலத்து மர அணை. தடித்த கட்டைகளை நட்டுப் பலகைகளை அடுக்கியது. அங்கே தேங்கும் மழைத்தண்ணீர் வாய்க்கால் வழியாக ஊர்க் குளத்துக்கு வரும். குடிக்க அதுதான். கோடையில் பலகை காய்ந்து சுருங்கி இடுக்கு விடும்; நனைத்தால் ஊறி அடைபடும். அப்படியே விட்டால் முதல் மழை முழுக்க இடுக்கு வழியே ஓடிப்போகும்.

பலகையை ஈரமாக வைத்திருக்கச் சொல்லி பாயை யாரும் கேட்கவில்லை. வீடு வீடாகப் போய், "குளிக்கறதுதான் குளிக்கறீங்க, கொடத்த எடுத்தாந்து அணை மேல நின்னு குளிச்சா என்னங்க?" என்பார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையையே மஞ்சள் பூசிய கையோடு அணைக்கு நடத்திப்போய் நாலு குடம் ஊற்றினார். மாப்பிள்ளை நனைந்தாரா என்று பார்க்கவில்லை. பலகை நனைந்ததா என்று குனிந்து பார்த்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. குளம் வற்றி, பொதுக்கிணறும் அடி தட்டியது. கிணற்றுக்குக் காவல் என் அத்தை. பாய் குடத்தோடு வந்து நின்றார்.

"ஒரே ஒரு கொடங்கக்கா. மேகம் கட்டுது. பலகை வாய் பொளந்து கெடக்குது."

"எங்க வாய் பொளந்து கெடக்குதே, அது கண்ணுல படலீங்களா பாய்? குடிக்கவே இல்ல, கட்டைக்கு ஊத்தறாராம்!"

பாய் வெறுங்குடத்தோடு திரும்பினார். சந்தைக்கு அடைத்து வைத்திருந்த கோலி சோடா, இனிப்புக் கலர் அத்தனையையும் மாட்டு வண்டியில் ஏற்றி அணைக்கு ஓட்டினார். சந்தை வியாபாரம் போனால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. 'டப் டப்' என்ற சத்தத்தில், பாறைக்கு வெடி வைக்கிறார்கள் என்று ஊரே அணைக்கு ஓடியது. பாய் கோலிகளை அமுக்கி அமுக்கி இடுக்குகளில் ஊற்றிக்கொண்டிருந்தார். சோடா தீர்ந்ததும் கலரை எடுத்தார்.

"புத்தி கெட்டுப்போச்சுங்களா பாய்? சந்தைக்கு என்னத்தக் கொண்டு போவீங்க?" என்று கத்தினார் அத்தை.

"சந்தை அடுத்த வாரமும் வருங்கக்கா. மழை வருமா?"

மறுநாள் காலை ஊரிலுள்ள எறும்பெல்லாம் அணை மேல் இருந்தன. மாலையில் மழை கொட்டியது. சோடா ஊற்றிய பக்கம் சொட்டுக்கூடக் கசியவில்லை என்று பாய் சத்தியம் செய்தார். நான் பார்த்தவரை எல்லாப் பக்கமும் கசிந்தது. ஆனால் குளம் நிறையும் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

பாய் மறுபடி சோடா அடைத்தார். மழை விடவில்லை, பல் கிட்டும் குளிர். சோடாவை யாரும் தேடாத நேரம். முதலில் போனது அத்தைதான்.

"எனக்கு ஒரு சோடா ஒடைங்க பாய்."

அவருக்குப் பின்னால், சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஊரே வரிசையில் நின்றது. நடுங்கிக்கொண்டே ஆளுக்கு ஒன்று குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டோம்.