முந்தானையில் ஒரு முட்டை

என் அம்மாவை முட்டை திருடி என்று உலகத்துக்கு அறிவித்தது வேறு யாருமல்ல, நான்தான். அதையும் ஏதோ வாய் தவறிச் செய்யவில்லை. எப்படிச் செய்வது என்று ஒரு வகுப்பில் சேர்ந்து, நோட்டில் குறிப்பெடுத்துப் படித்துவிட்டுச் செய்தேன்.

இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. கோபத்தில் பாதி அந்த வகுப்பு நடத்திய ஆள் மேல், மீதி என் மேல். (வெயில் கொளுத்துகிற நாட்களில் மொத்தமும் என் மேல்தான்.)

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. நெசவுத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு, அருப்புக்கோட்டையில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் சேலை செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தேன். தறியிலிருந்து இறங்கும் சேலையை டியூப் லைட் வெளிச்சத்தில் விரித்து, இழை அறுந்த இடம், எண்ணெய்க் கறை எல்லாம் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். குமாரலிங்கபுரத்தில் பெரிய ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்று பஸ்ஸில் ஏறினால் அதே பேச்சு. பூங்கா வந்தால் கம்பெனி வரும், கம்பெனிக்கு ஆள் வேண்டும், அந்த ஆள் நானாக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. ஆனால் அந்தத் தொழிலில் ஒரு பெரிய மனிதரைக்கூட எனக்குத் தெரியாது. அம்மா பஞ்சவர்ணம், திருச்சுழி பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையலர். அப்பா மினி லாரி ஓட்டுகிறார். தாத்தா காலம் வரை அடுத்தவர் காட்டில் களையெடுத்த குடும்பம். சிபாரிசுக்கு யாரைப் போய்ப் பிடிப்பது?

வேலை பார்க்கிறவர்களுக்கென்றே ஒரு சமூக வலைத்தளம் இருப்பதும், அதில் மில் மேனேஜர்கள் முதல் முதலாளிகள் வரை உட்கார்ந்திருப்பதும் அப்போதுதான் தெரியவந்தது. சேர்ந்தேன். மூன்று மாதம் என் பக்கத்துக்கு ஈ காக்கைகூட வரவில்லை. அந்த நேரத்தில்தான் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஆறு நாள் ஆன்லைன் வகுப்பு. 'உண்மையான தொழில் உறவுகளை வளர்ப்பது எப்படி?'

பயிற்சியாளர் கோட்டு போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் பெரிய புத்தக அலமாரி. (அது திரைச்சீலையில் அச்சடித்த படம் என்பது, நான்காவது நாள் யாரோ மின்விசிறியைப் போட்டதும் அலமாரி ஆடியபோது தெரிந்தது. அப்போதாவது எழுந்து போயிருக்க வேண்டும்.)

முதல் பாடம், முன்பின் தெரியாதவருக்குச் செய்தி அனுப்புவது. வாசகத்தையும் அவரே கொடுத்தார். "மதிப்பிற்குரிய (பெயர்) அவர்களே, உங்கள் பயணம் என் உள்ளத்தை ஆழமாகத் தொட்டது." இதை முப்பது பேருக்கு அனுப்பினேன். அடைப்புக்குறியில் அவரவர் பெயரைப் போட வேண்டும் என்பது முப்பதாவது ஆளுக்கு அனுப்பிய பிறகுதான் உறைத்தது. பதில் போட்டது ஒரே ஒருவர், ராஜபாளையம் பக்கத்து மில் மேனேஜர். "எந்தப் பயணம்? நான் எங்கயும் போகலையேம்மா" என்று கேட்டிருந்தார். வெட்கப்பட்டுப் பதிலே போடவில்லை. மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுதியிருந்தால் அவரோடு ஒரு பழக்கமாவது ஏற்பட்டிருக்கும். அந்தப் புத்தி அன்றைக்கு இல்லை.

அடுத்த பாடம், சொந்தக் கதை எழுதுவது. "என் அம்மா சத்துணவுச் சமையலர். மிக நன்றாகச் சமைப்பார்" என்று தொடங்கி எழுதிக் காட்டினேன். பயிற்சியாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"இதில் வலி எங்கே? வலி இல்லாத கதையை யார் படிப்பார்கள்? இன்னும் ஆழமாகத் தோண்டுங்கள்."

எங்கள் ஊரில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் தண்ணீர் வராது. எனக்கு முட்டை வந்தது.

எழுதியது இதுதான். 'என் தாய் ஒரு பள்ளிச் சமையலர். எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் பல. அந்த நாட்களில் பள்ளியில் கொடுக்கும் முட்டை ஒன்றை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து எனக்கு ஊட்டுவாள். அந்த முட்டைதான் இன்று என்னைத் தரக் கட்டுப்பாட்டு அலுவலர் ஆக்கியது.' (சேலை செக்கிங் என்று எழுதினால் எடுபடாதாம்.) கடைசியில் ஒரு கேள்வி கேட்டால்தான் பின்னூட்டம் குவியும் என்று சொல்லியிருந்ததால், 'உங்கள் வாழ்க்கையின் முட்டை எது?' என்று முடித்தேன். நம்பகத்தன்மைக்காகப் பள்ளிக்கூடத்தின் பெயரையும் ஊரையும் சேர்த்தேன். அம்மா வேலை முடிந்து வியர்வையோடு நின்ற படம் ஒன்றையும் போட்டேன். மொத்தமும் இங்கிலீஷில்.

ஆயிரக்கணக்கில் விருப்பக்குறி. பெங்களூரில் இருக்கிற பெரிய பெரிய ஆட்கள் அழுதார்கள். "என் முட்டை என் அத்தையின் தையல் மிஷின்" என்று ஒருவர் எழுதினார். "தலை வணங்குகிறேன், தாயே" என்று முந்நூறு பேர் வரிசையாக வணங்கினார்கள். வேலை பற்றி ஒருவர் கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அது பெரிதாகவே படவில்லை. செக்கிங் மேசையில் சேலையை விரித்துப்போட்டுவிட்டுப் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் என் கண்ணில் படாமல் மூன்று ஓட்டைச் சேலை கடைக்குப் போய்த் திரும்பி வந்தது.

பதிவு போட்ட ஐந்தாவது நாள் முற்பகல் அம்மா போனில் கூப்பிட்டார்.

"எங்கடி இருக்க?"

"வேலையில."

"கெளம்பி பஸ்ஸு ஏறு. இங்க ஜீப்பு வந்துருக்கு. ஒன் பேரச் சொல்லிக் கேக்காக."

பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரும்போது பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் அறையில் ஒரு பெண் அதிகாரி. மேசையில் என் பதிவு, அச்சடித்த தாளில், அம்மாவின் படத்தோடு. யாரோ அதைப் படம் பிடித்து ஊர் வாட்ஸப் குழுவில் போட, அது கைமாறி மேலே வரைக்கும் போயிருக்கிறது. சத்துணவு முட்டை வீட்டுக்குப் போகிறது என்று, அதைக் கொண்டுபோனவரின் மகளே எழுதியிருக்கிறாள். அவர்கள் வராமல் என்ன செய்வார்கள்?

அம்மா சுவரோரம் நின்றார். அவருக்கு விஷயம் இன்னும் முழுதாகத் தெரியாது. தலைமையாசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்துத் தமிழில் சொன்னார். நல்ல மனிதர், ஒரு வரியையாவது விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை.

"முந்தானையிலயா?" என்றார் அம்மா, என்னைப் பார்த்து.

"ஆமா."

"பள்ளிக்கூட முட்டையவா?"

"அது சும்மாம்மா. கதைக்கு..."

"கதைக்குன்னா 'நாந்தான் திருடுனேன்'னு ஒன்னையப் போட வேண்டியதுதான? என்னைய எதுக்குடி போட்ட?"

 

ஆனால் அம்மாவுக்குத் திருட்டைவிடப் பெரிதாகச் சுட்டது வேறொன்று. ஜீப் வந்ததையும் அதிகாரி உட்கார்ந்திருப்பதையும் மறந்து கத்தினார்.

"அடுப்பு எரியலையா? என்னைக்குடி எரியல? ஒரு நாளச் சொல்லு! இங்க இத்தன பிள்ளைகளுக்கு வடிச்சுக் கொட்டிட்டு, வீட்டுக்கு வந்து ஒனக்குத் தனியா ரசம் வச்சவடி நானு! புளி பத்தலன்னு தட்டத் தள்ளுனவ நீயி!"

(அது உண்மை. ரசத்தில் புளி பத்தாமல்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லும் நேரம் அதுவல்ல.)

அதிகாரி என்னிடம் திரும்பினார். "நீங்க எழுதினது உண்மையா, பொய்யா?"

"பொய் மேடம்."

"அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

'நான் எழுதியது முழுப்பொய்' என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தளத்தில் என் பக்கத்தில் திறமைகள் என்ற தலைப்புக்குக் கீழே முதலாவதாக 'நேர்மை' என்று போட்டிருந்தேன். அதற்கு எண்பத்து நான்கு பேர் ஒப்புதல் வேறு கொடுத்திருந்தார்கள்.

அதிகாரி சமையல் உதவியாளர் பாக்கியத்தையும் கூப்பிட்டு விசாரித்தார். பாக்கியம் அத்தை என்னை முறைத்துக்கொண்டே சொன்னார்:

"இவ இங்க படிக்கையில முட்டையில எது சின்னதோ அதப் பொறுக்கித்தான் இவளுக்கு வைப்பாக. 'எம்பிள்ளைக்குப் பெருசா வச்சேன்னு எவளும் வாயத் தொறக்கக் கூடாது'ன்னு சொல்லுவாக. இவ அதுக்கு அழுவா. அந்த மனுசியவா இப்பிடி எழுதுன? ஒனக்குக் கை எப்பிடிடி வந்துச்சு?"

எனக்கு அது மறந்தே போயிருந்தது. அத்தனை வருசம் நான் அம்மா மேல் ஆத்திரப்பட்ட ஒரே விஷயம் அந்தச் சின்ன முட்டை. அதை எழுதியிருந்தால் உண்மையாக இருந்திருக்கும். நான் எதைத் தோண்டி எதை எடுத்திருக்கிறேன் பாருங்கள்!

விசாரணை முடியும்வரை அம்மா சமைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பத்து நாள். பக்கத்து ஊரிலிருந்து வேறொருவர் வந்து சமைத்தார். வீட்டு வழியாகப் போகிற பிள்ளைகள் "சாம்பாரு நல்லாவே இல்ல, எப்ப வருவீக?" என்று அம்மாவைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அம்மா என்னோடு பேசவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "அவளச் சாப்பிடச் சொல்லுங்க" என்று அப்பாவிடம் சொல்வார். அப்பா என்னைப் பார்த்து, "சாப்பிடுவியாம்" என்பார். தட்டு நிறையச் சோறு இருக்கும். அடுப்பு எரிந்தது என்பதற்குச் சாட்சி.

ஆத்திரம் தாங்காமல் பயிற்சியாளருக்கு எழுதினேன். உங்கள் பேச்சை நான் கேட்டதால் என் அம்மாவுக்கு வேலை போகப் பார்க்கிறது என்றேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "அருமை! இதையே அடுத்த பதிவாகப் போடுங்கள். தோல்விக் கதைகளுக்கு இப்போது நல்ல வரவேற்பு!" போனைத் தூக்கிச் சுவரில் அடிக்க ஓங்கினேன். அதற்கு இன்னும் ஏழு தவணை பாக்கி என்பது நினைவுக்கு வந்ததால் தலையணையில் அடித்தேன்.

பதினொன்றாம் நாள் அம்மா மேல் தப்பில்லை என்று சொல்லித் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்குத்தான் என்னிடம் நேராகப் பேசினார்.

"அந்த எடத்துலயே எழுது. எங்கம்மா திருடல, நாந்தான் பொய் சொன்னேன்னு எழுது. தமிழ்லயும் எழுது. நான் படிச்சுப் பாக்கணும்."

எழுதினேன். என் அம்மா திருடவில்லை, நாங்கள் பட்டினி கிடக்கவில்லை, நான் தரக் கட்டுப்பாட்டு அலுவலர் இல்லை, சேலை செக்கிங் பார்க்கிறேன். சமீபத்தில்கூட மூன்று ஓட்டைச் சேலையைக் கோட்டைவிட்டேன். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது, எங்கள் ஊர் வறட்சிக் காற்றில், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் எப்படி அறுகிறது, காற்றை ஈரப்படுத்தத் தறிக்காரர்கள் எப்படிச் சாக்கை நனைத்துத் தொங்கவிடுகிறார்கள் என்பது மட்டும்தான். இவ்வளவுதான் எழுதினேன்.

முதல் பதிவுக்கு வணங்கிய முந்நூறு பேரில் ஒருவரையும் காணோம். விருப்பக்குறி மொத்தம் பதினொன்று. ஆனால் ஒரு கேள்வி வந்தது. ஈரோட்டில் ஒரு நூற்பாலையில் பரிசோதனைக் கூடப் பொறுப்பாளரான நசீமா கேட்டிருந்தார்: "சாக்கு எத்தனை மணிக்கு ஒருதரம் நனைப்பாங்க? எங்க நூலை வாங்குறவங்க கோடையில நிறைய அறுகுதுன்னு சொல்றாங்க."

மறுநாள் தறிக்காரர்களிடம் கேட்டு வந்து பதில் எழுதினேன். அவர் இன்னொன்று கேட்டார். எனக்குத் தெரியாதபோது தெரியாது என்று எழுதினேன். பிறகு நான் கேட்டேன், அவர் சொன்னார். ஒன்றரை வருடம் நூலைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. யாருடைய பயணமும் யாருடைய உள்ளத்தையும் தொடவில்லை. அப்புறம் ஒருநாள், "எங்க லேப்ல ஒரு இடம் காலி. வர்றீங்களா?" என்றார். இப்போது அவருக்கு அடுத்த நாற்காலியில் இருக்கிறேன்.

இதை எழுதுவதற்கு முன்னால் அம்மாவிடம் அனுமதி கேட்டேன். "திருடலன்னு வெளங்குற மாதிரி எழுது" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் சொந்தக்காரர்கள் யார் வீட்டு விசேஷமானாலும், பிரியாணிக்கு முட்டை வைத்துக்கொண்டு வருகிறவர் என் இலைக்கு முன்னால் நின்று, "கடையில வாங்குனது ஆத்தா, எழுதிப்புடாத" என்று கையெடுத்துக் கும்பிடுவார். பந்தி முழுக்கச் சிரிக்கும். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும்; நானும் சிரிப்பேன்.

அம்மா மட்டும் இன்னும் ஒருதடவை கூடச் சிரித்ததில்லை.