தவளைக்கு அளவெடுத்த டெய்லர்

அருப்புக்கோட்டையில் தொடங்கித் திருச்சுழி வரை ரவிக்கைக்கு அளவெடுக்க நூறு டெய்லர் கிடைப்பார்கள். தவளைக்கு அளவெடுத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். பந்தல்குடியில் எங்களுக்குத் துணி தைக்கும் அவருக்குத் 'தவளை டெய்லர்' என்றே பெயர்.

சென்னையில் இருந்த அவருடைய மச்சினன் வெளிநாடு போகும்போது, கடையில் வாங்கி வளர்த்த பச்சை மரத்தவளையை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனான். குடிதண்ணீருக்கே குடத்தோடு அலைகிற ஊரில் தவளையா என்று எல்லோரும் சிரித்தார்கள். டெய்லர் சிரிக்கவில்லை. இஞ்ச் டேப்பை எடுத்தார். நீளம், இடுப்பு, கால் இறக்கம் எல்லாம் குறித்துக்கொண்டு, வளர்கிற பிள்ளைக்கு விடுவதுபோல் இரண்டு அங்குலம் கூட்டி ஒரு கண்ணாடிப் பெட்டி செய்தார். முதல் தாவலிலேயே தவளைக்கு மூக்கு புண்ணாகிவிட்டது.

"தப்பு எம்மேலதான் தங்கச்சி," என்றார் என்னிடம். "உக்காந்திருக்கப்ப அளவெடுத்துப்புட்டேன். தாவுறப்பல்ல எடுத்திருக்கணும்!"

அடுத்து நாலடி நீளத்தில் ஒரு தொட்டி வந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "ஏலே, இதுல லாரியே ஓட்டலாம் போலயே!" என்றார். தவளையோ மூடிக்குக் கீழே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நாலு நாளாக ஒன்றும் தின்னவில்லை. புண்ணோடு பட்டினியும் கிடந்தால் செத்துப்போகுமே என்று டெய்லருக்கும் சோறு இறங்கவில்லை.

"மரம் ஏறுற உசுருக்குத் தரையை நீட்டி என்ன செய்ய? உசரம்ல வேணும்!" என்று ஐந்தாம் நாள் காலையில் கடையின் ஆளுயரக் கண்ணாடி அலமாரியைக் காலி செய்தார். கதவில் காற்றுக்குக் கொசுவலை அடித்தார். உள்ளே ஒரு வேப்பங்கிளை, கீழே தட்டில் கொஞ்சம் தண்ணீர்.

அது தீபாவளி நேரம். அலமாரியில் இருந்த ரவிக்கைகள் எல்லாம் வாசல் கொடிக்கு வந்துவிட்டன. என் மகளின் நிச்சயதார்த்தப் பட்டு ரவிக்கை தூத்துக்குடி ரோட்டு லாரிப் புழுதியில் குளித்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்ததே கோபம்!

"என்ன அண்ணே இது? தவளைக்கு அரமனை, எம்மக ரவிக்கைக்கு ரோடா?"

டெய்லர் வாயில் விரலை வைத்தார். "செத்த சும்மா இருங்க தங்கச்சி. வெட்டுக்கிளி விட்டிருக்கேன்."

சண்டைக்குப் போன நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். கிளை உச்சியிலிருந்து தவளை பாய்ந்தது. வெட்டுக்கிளியைக் காணோம். மூக்கும் எதிலும் இடிக்கவில்லை.

"தின்னுருச்சு தங்கச்சி... தின்னுருச்சு!" யாரோ ஒருத்தியின் தைக்காத ரவிக்கைத் துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புழுதியை வீட்டில் நானே உதறிக்கொண்டேன். மகளின் முகூர்த்த ரவிக்கையையும் அந்த மனுஷனிடம்தான் தைக்கக் கொடுத்தேன்.